ஜாவா மெஷினில் சுண்டல்

ஸ்ரீரங்கம்
23 ஜூன் 2025

டெல்பின்,

க்ஷேமம். நீயும் அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் நம்பருக்குப் போட்டால் ரிங்கே போகவில்லை. மெயிலுக்கும் பதில் இல்லை. போஸ்ட்மேனை மட்டும் யாராலும் பிளாக் பண்ண முடியாது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. காலேஜ் பரீட்சைக்கு அப்புறம் இப்போதுதான் இவ்வளவு நேரம் பேனா பிடிக்கிறேன், விரல் வலிக்கிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியத்தில் செல்லக்கிளி அக்காவின் வாழைப்பழ அறைகள் உனக்குத் தெரியும். காயை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தினால், முதல் நாள் பழுக்க வைக்கும் கேஸ் விடுவதிலிருந்து கடைசி நாள் குளிர் வைப்பது வரை எல்லாவற்றையும் நம் சுண்டல் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அவருடைய பழைய அறைகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. அதே இடத்தில், அவர் பழத்துக்கே, எங்கள் கம்பெனி இப்போது புதிய அறைகள் கட்டிக் கொடுத்திருக்கிறது. பேட்டரி, ஜெனரேட்டர், தொடுதிரை எல்லாம் உண்டு. ஆனால் அரை நாள் ஓடிவிட்டுப் புரோகிராம் செத்துவிடுகிறது. பழைய அறையிலும் புதிய அறையிலும் ஒரே சுண்டல்தான், ஒரே ஜாவா மெஷின்தான். வரி வரியாகப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் எட்டாம் தேதி எங்கள் கம்பெனி முதலாளி பீமராவ் சார் பெங்களூரிலிருந்து வருகிறார். கூடவே வளைகுடா நாட்டு வியாபாரிகள். அவர்கள் முன்னால் கதவைத் திறந்து, பழுத்த பழத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் என் காட்டில் மழை. காட்டாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பழசையெல்லாம் மறந்துவிட்டு ஒரு வார்த்தை எழுது. சுண்டலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உன்னைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாது.

ரெங்கராஜ்

*

தென்னூர்
27 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ரெங்கராஜ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ‘நம் சுண்டல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்விட்டுச் சிரித்தேன்.

பழசை மறக்கச் சொல்கிறீர்கள். மறப்பதற்கு அது என்ன எங்கேயோ வைத்துவிட்ட சாவியா? இரண்டு வருஷத்துக்கு முன் கன்டோன்மென்ட் ஹோட்டலில் சுண்டல் வெளியீட்டு விழா. மேடையில் நீங்கள், பீமராவ், பின்வரிசை நாற்காலியில் நான். ‘அந்த அம்மா யாரு?’ என்று பீமராவ் உங்களிடம் கேட்டார். நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: ‘நம்ம டெல்பின், சார். தமிழ் டைப்பிங் எல்லாம் இவங்கதான் பாத்துக்கிட்டாங்க.’ எல்லாரும் கை தட்டினார்கள். முதல் வரிசையில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த என் அம்மாவும் தட்டினாள். மகள் பெயரை மைக்கில் சொல்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷம்.

அன்று நான் எழுந்து பேசியிருந்தால் அழுதிருப்பேன், நீங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருப்பீர்கள், அந்தப் படமும் பேப்பரில் வந்திருக்கும்.

உங்கள் அறைகள் ஏன் நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. சொல்கிறேன். ஆனால் என் முறைப்படிதான் சொல்வேன். போன் கிடையாது, நேரில் வருவது கிடையாது, வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். கையால் எழுதித் தபாலில் போட வேண்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி. கேட்டதற்கு மட்டும் பதில்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. சுண்டலை யார் செய்தது, நீங்கள் செய்தது என்ன என்பதை உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள். செல்லக்கிளி அக்கா படித்தாலும் புரிய வேண்டும். கம்பெனி இங்கிலீஷெல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
டெல்பின்
(தமிழ் டைப்பிங்)

*

ஸ்ரீரங்கம்
1 ஜூலை 2025

டெல்பின்,

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் தென்னூர். ஸ்கூட்டரை எடுத்தால் காபி ஆறுவதற்குள் வந்துவிடுவேன். அதற்குத் தபால்தலை ஒட்டி நாலு நாள் காத்திருக்க வைக்கிறாய். சரி, உன் ஆசை. கேட்டதை எழுதிவிட்டேன்:

“கம்ப்யூட்டருக்கு நாம் கட்டளை எழுத ஒரு மொழி வேண்டும். டெல்பின் தமிழ் வார்த்தைகளால் அப்படி ஒரு மொழியைச் செய்தாள். காலேஜ் வாசலில் சுண்டல் தின்றுகொண்டே பேசியதில் பிறந்ததால் அந்தப் பெயர். அந்த மொழி ஓடுவதற்கு அவளே ஒரு மெஷினும் செய்தாள். மெஷின் என்றால் இரும்பு இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு கற்பனைக் கம்ப்யூட்டர். சுண்டலில் எழுதியது அதற்கு மட்டும்தான் புரியும். ஜாவா என்ற வேறொரு மொழிக்கும் அதே மாதிரி ஒரு மெஷின் உண்டு. அது உலகம் முழுக்க இருக்கிறது, பெரிய கம்பெனிகள் எல்லாம் அதைத்தான் நம்பும். டெல்பினுடைய மொழியை ஜாவாவின் மெஷினில் ஓட வைத்தது ரெங்கராஜ். இருவரும் சேர்ந்து செய்ததுதான் இன்றைய சுண்டல்.”

போதுமா?

நீ உன் மனக்குறையை எழுதினாய், நானும் என்னுடையதை எழுதிவிடுகிறேன். ஒரு மொழியை இன்னொரு மொழியின் மெஷினில் ஓட வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று உனக்குத் தெரியும். தெரிந்தும், காலேஜ் கேன்டீனில் உன் மாணவர்கள் நடுவில் என்ன சொன்னாய்? ‘ரெங்கராஜ் என்ன பண்ணினான்? வீடு மாத்துறப்ப சாமான் ஏத்தி இறக்குற லாரிக்காரன் பண்றதைப் பண்ணினான்.’ அவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ஸ்ரீரங்கம் வரும் வரை பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு ஆள் மட்டும் பார்த்துக்கொள்கிற மெஷினை எந்தக் கம்பெனி வாங்கும்? உனக்கு ஜுரம் வந்தால் தொட்டியத்தில் பழம் அழுகும். நான் ஏற்றி இறக்காவிட்டால் உன் சுண்டல் இன்னும் காலேஜ் லேப்பிலேயேதான் கிடந்திருக்கும்.

ஹோட்டல் மேடையில் சொன்னது வாய்தவறி வந்ததில்லை. அதையும் உண்மையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் கேள்வி: பழைய அறைகள் ஓடுகின்றன, புதிய அறைகள் ஏன் நிற்கின்றன?

ரெங்கராஜ்

*

தென்னூர்
5 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ரெங்கராஜ் அவர்களுக்கு,

தங்கள் வாக்குமூலத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘இருவரும் சேர்ந்து’ என்ற இடத்தில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்தித் திருத்திக் கை பழகிவிட்டது.

வாய்தவறவில்லை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இரண்டு வருஷமாக அம்மாவிடம், ‘ஏதோ பதட்டத்துல சொல்லிட்டான்மா’ என்று உங்களுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். இனி அந்தச் சிரமம் இல்லை.

லாரிக்காரன் என்று சொன்னேன்தான். இன்றும் சொல்வேன். ஏற்றும்போது எதை உடைத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லையே.

வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான். இதோ பதில். பழைய அறைகளில் தினமும் கரண்ட் போகிறது. தொட்டியத்தில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எடுத்துவிடுவார்கள். புதிய அறைகளில் பேட்டரி இருப்பதால் மெஷினுக்குக் கரண்ட் போவதே இல்லை. ஆகவே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஓடும்.

டெல்பின்

*

ஸ்ரீரங்கம்
8 ஜூலை 2025

டெல்பின்,

என்னைப் பார்த்தால் உனக்கு எப்படித் தெரிகிறது? ஊரெல்லாம் கரண்ட் நிற்காமல் இருக்கப் பேட்டரி மாட்டுகிறது, நீ கழற்றச் சொல்கிறாய். பீமராவிடம் போய், ‘சார், பேட்டரி இருக்கறதாலதான் நின்னு போகுதாம், டெல்பின் சொல்றா’ என்று சொல்லவா? அன்றைக்கே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார். அதைத்தான் நீ எதிர்பார்க்கிறாய்.

சுண்டலைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தபோது நீயும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். தேவைப்பட்டால் உதவுவேன் என்று அதில் இருக்கிறது. வக்கீலை வைத்து நோட்டீஸ் அனுப்ப எனக்கு அரை நாள் போதும். அனுப்ப வேண்டாமே என்று பார்க்கிறேன்.

கை வலிக்கக் கடிதம் எழுத வைத்து, கடைசியில் கேலி பண்ணி அனுப்பியிருக்கிறாய். இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

11 ஜூலை

மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. கோபம் கொஞ்சம் தணிந்ததும் தொட்டியம் போனேன். காலி அறை ஒன்றில் யாருக்கும் தெரியாமல் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன். அந்த அறை மட்டும் நிற்கவில்லை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேலே எழுதியதைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். நீ படித்துச் சந்தோஷப்படுவாய் என்று தெரியும். பட்டுக்கொள்.

கேள்வி: ஏன்?

ரெங்கராஜ்

*

தென்னூர்
14 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ரெங்கராஜ் அவர்களுக்கு,

சந்தோஷப்பட்டேன். இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சுண்டலில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லத் தனியாக ஒரு கட்டளை கிடையாது. நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. மெஷினுக்குள் ஒரு வேலையாள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் அறையின் சூட்டைப் பார்ப்பான், விசிறியைப் போடுவான், தன் வேலை முடிந்ததும் தன்னைப் போலவே இன்னொருவனைக் கூப்பிட்டு, இன்று எந்த நாள், எவ்வளவு சூடு என்பதையெல்லாம் அவன் காதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அடுத்தவனும் அப்படியே. எத்தனை மாதம் ஓடினாலும் மெஷினுக்குள் ஒரே ஒருவன்தான் இருப்பான். என் மெஷின் அப்படிச் செய்யப்பட்டது.

ஜாவா மெஷினில் எவனும் வீட்டுக்குப் போக மாட்டான். அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டு, அவன் வேலை முடிந்து பதில் சொல்வான் என்று அங்கேயே நின்றுகொண்டிருப்பான். அவன் கூப்பிட்டவனும் நிற்பான். அரை நாளில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் மாதிரி உள்ளே நிற்க இடமில்லாமல் மொத்தமும் சரிந்து விழும். கரண்ட் போனால் எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள், மறுபடி ஒருவனிலிருந்து ஆரம்பம். இரண்டு வருஷமாக உங்கள் ஜாவா சுண்டல் உயிரோடு இருப்பதற்குக் காரணம் நீங்கள் இல்லை, மின்வெட்டு.

நீ உடைத்தது இதைத்தான் ரெங்கராஜ். வார்த்தையையெல்லாம் பத்திரமாக ஏற்றினாய், அது ஓடுகிற விதத்தைக் கீழே போட்டுவிட்டாய். அதைச் செய்ய எனக்கு ஒரு வருஷம் ஆனது. உனக்கு அது இருந்ததே தெரியவில்லை. நீ மேடையில் நின்றாய், நான் டைப்பிஸ்டு.

இதைச் சரிசெய்ய ஜாவா மெஷினிலேயே வழி இருக்கிறது. எனக்குத் தெரியும். அதுதான் உன் அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கு என் விலை இது. சுண்டலின் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் வரியாக என் பெயர் வர வேண்டும். ஆகஸ்ட் எட்டாம் தேதி, பீமராவ் முன்னால், வியாபாரிகள் முன்னால், விவசாயிகள் முன்னால் நீ மைக்கைப் பிடித்து, கீழே எழுதியிருப்பதை என் வார்த்தையிலேயே படிக்க வேண்டும். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது.

“சுண்டல் மொழியைச் செய்தவர் தென்னூர் டெல்பின். அது எந்த மெஷினில் ஓடினாலும் அதன் ஒவ்வொரு வரியும் அவருடையது. இந்த அறைக்குள் நடக்கிற எல்லாமும் அவர் செய்தது. ரெங்கராஜுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.”

படிப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வழி சொல்கிறேன்.

டெல்பின்

*

ஸ்ரீரங்கம்
22 ஜூலை 2025

டெல்பின்,

‘மதிப்பிற்குரிய’வில் ஆரம்பித்து ‘நீ’யில் முடித்திருக்கிறாய். கோபத்தில் உனக்கு இலக்கணம் எல்லாம் பறந்துவிடும் என்று தெரியும்.

காரணத்தை எழுதினாய் பார், அதற்கு நன்றி. காரணம் தெரிந்துவிட்டால் வழி தெரியாமல் போக நான் என்ன மண்ணா? கரண்ட் போனால் கூட்டம் கலைகிறது, அவ்வளவுதானே. அப்படியானால் நானே தினமும் கலைத்துவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் காலையிலும் சாயங்காலமும் மெஷின் தானே அணைந்து தானே எழுந்துகொள்ளும்படி எழுதிவிட்டேன். மூன்றே வரி. பேட்டரியும் இருக்கும், சுண்டலும் ஓடும். காலி அறையில் விட்டுப் பார்த்தேன். ஐந்து நாளாக ஒரு தடங்கல் இல்லை. தொடுதிரையையும் பூட்டிவிட்டேன், கம்பெனி ஆள் தவிர யாரும் கை வைக்க முடியாது.

ஆகவே உன் விலைக்கு நான் வாங்கப்போவதில்லை. ‘எந்தப் பங்கும் இல்லை’யாம். எவ்வளவு ஆசை உனக்கு!

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் செல்லக்கிளி அக்கா தோட்டத்துப் பூவன் முழுவதையும் புதிய அறைகளில் ஏற்றுகிறோம். எட்டாம் தேதி திறப்பு. பத்திரிகை உள்ளே வைத்திருக்கிறேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. முதல் வரிசையில் இடம் போடச் சொல்கிறேன். பழம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ரெங்கராஜ்

*

தென்னூர்
25 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ரெங்கராஜ் அவர்களுக்கு,

அழைப்பிதழ் கிடைத்தது. அச்சு நன்றாக வந்திருக்கிறது. அன்று எனக்குக் காலேஜ் இருப்பதால் வர இயலாது.

காலி அறையில் விட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தையில்லை.

தங்கள் கடிதத்தில் கேள்வி எதுவும் இல்லை. ஆகவே என்னிடமும் பதில் இல்லை.

டெல்பின்

*

ஸ்ரீரங்கம்
9 ஆகஸ்ட் 2025

டெல்பின்,

நேற்று நடந்ததை யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். உன் முறைப்படி.

விருந்தாளிகள் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் விடிந்ததும் தொட்டியம் போய்விட்டேன். அறை வாசலில் கால் வைத்ததுமே வாசனை சரியில்லை. செல்லக்கிளி அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கதவைத் திறந்தோம். உள்ளேயிருந்து அனல் அடித்தது. பூவன் முழுக்கத் தோல் கறுத்து, உள்ளே கூழாகி, சீப்பைத் தொட்டால் காம்பிலிருந்து கழன்று கையோடு வந்தது. எல்லா அறையும் அப்படியே. தரையெல்லாம் சாறு ஓடிக் கால் வழுக்கியது.

அக்கா அழவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். ‘மெஷினு எந்திரிச்சதும் இன்னிக்கு எத்தனாவது நாளுன்னு கேட்டிருக்குமே தம்பி. யாரு பதில் சொன்னீங்க?’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய அறைகளில் கரண்ட் வந்து மெஷின் எழும்போதெல்லாம், இன்று எந்த நாள் என்று அது கேட்கும். அக்கா கதவைத் திறந்து, காயின் நிறத்தைப் பார்த்து, இரண்டு என்றோ மூன்று என்றோ அமுக்குவார். மெஷின் தன் ஞாபகத்தை நம்பக் கூடாது, ஒரு ஆள் பழத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று சுண்டலில் அந்தக் கேள்வியை வைத்தவளே நீதான். புதிய அறைகளில் எதற்கு ஆள் என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: பதில் வராவிட்டால் முதல் நாள் என்று எடுத்துக்கொள். பேட்டரி இருந்த வரை மெஷின் நடுவில் தூங்கி எழுந்ததே இல்லை, அந்த வரிக்கு வேலையும் வரவில்லை. தினமும் அதை எழுப்பிவிட்டது நான். திரையைப் பூட்டியதும் நான். காலையிலும் முதல் நாள், சாயங்காலமும் முதல் நாள். கேஸை விட்டு, காற்று வழியை அடைத்து, சூட்டை ஏற்றி, அந்தப் பழத்தை வேகவைத்திருக்கிறது. காலி அறையில் வேகுவதற்கு எதுவும் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை.

உனக்குத் தெரிந்திருக்கிறது. என் கோட் எல்லாம் இணையத்தில் திறந்துதான் கிடக்கிறது, நீ படிக்காமல் இருந்திருக்க மாட்டாய். நான் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை. உன் விதிப்படி நீ சரி.

பதினோரு மணி வரை நேரம் இருந்தது. காந்தி மார்க்கெட்டுக்கு வண்டியை விட்டு நாலு தார் நல்ல பழம் வாங்கி வந்து முன்னால் அடுக்கிப் படம் காட்டியிருக்கலாம். டிரைவர்கூட அதைத்தான் சொன்னார். நான் உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பிறகு வரப்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, எல்லா ஃபைலிலும் முதல் வரியாக உன் பெயரைப் போட்டேன். தொட்டியம் கடைத்தெருவில் பிளெக்ஸ் கடை சீக்கிரமே திறந்துவிடுகிறார்கள். ‘சுண்டல் மொழி. உருவாக்கம்: டெல்பின், தென்னூர்’ என்று அறை வாசலை அடைக்கிற அகலத்துக்கு ஒன்று அடித்து வாங்கிக் கட்டினேன். பார்டர் போட்டு, பூப் போட்டு.

பீமராவ் வந்தார், வியாபாரிகள் வந்தார்கள், பேப்பர்காரர்கள் வந்தார்கள், சுற்று வட்டாரத்து விவசாயிகள் எல்லாம் வந்தார்கள். நானே கதவைத் திறந்துவிட்டேன். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மைக்கை வாங்கி, நீ எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ‘இந்த அறைக்குள் நடக்கிற எல்லாமும் அவர் செய்தது’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகவே படித்தேன். உன் கையெழுத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். படம் எடுத்துக்கொண்டார்கள்.

கம்பெனி என்னை நேற்று மாலையே வேலையை விட்டு அனுப்பிவிட்டது. பெருமாள் விட்ட வழி. நீ கேட்டது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் டெல்பின். பெயர், மேடை, மைக். இனி எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

ரெங்கராஜ்

*

தென்னூர்
12 ஆகஸ்ட் 2025

ரெங்கராஜ்,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முன்பே பேப்பர் வந்துவிட்டது, படத்தோடு. என் பெயர் நன்றாகவே படிக்க முடிகிறது.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் துளிகூடக் குறையவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். நீ செய்தது நான் செய்ததைவிட மோசம் என்று நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சாப்பிடும்போது சொன்னேன், கிளாஸ் எடுக்கும்போதும் மனசுக்குள் சொன்னேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

ஆமாம், உன் அந்த வரியைப் படித்திருந்தேன். பதில் வராவிட்டால் முதல் நாள். மே மாதமே பார்த்தேன், பார்த்துச் சிரித்தேன். தினமும் மெஷினைத் தானாக எழுப்பப்போகிறேன் என்று நீ எழுதிய அன்று எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எட்டாம் தேதி வரை காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று பதினோரு மணிக்குக் கிளாஸில் பையன்களுக்கு ஏதோ எழுதச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று, இப்போது கதவைத் திறந்திருப்பான், இப்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ருசியாக இருந்தது அது.

பழம் செல்லக்கிளி அக்காவுடையது என்று உன் முதல் கடிதத்திலேயே இருந்தது. ஏற்றப்போவது அவர் தோட்டத்து மொத்தப் பூவன் என்று பிறகும் எழுதியிருந்தாய். இரண்டையும் படித்தேன். உன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் நின்றார். நீ கட்டிய பிளெக்ஸை அவிழ்த்து, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். தென்னூரில் நாலு பேரிடம் பெயரைக் காட்டி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஹாலில் அதை விரித்துப் போட்டார். ஹால் பத்தவில்லை, பாதி சுவரில் ஏறியது. அதன் மேல் இன்னும் சாறு காயவில்லை, ஈ வந்துவிட்டது.

‘அந்தத் தம்பி மைக்குல என்னென்னமோ படிச்சுது. எனக்கு நம்பிக்கை வரல. அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்’ என்றார். ‘இது நீங்க செஞ்சதாம்மா?’

‘அந்த ஒரு வரி மட்டும் அவன் சேர்த்தது, அக்கா’ என்று சொல்ல வாய் திறந்தேன். அதைச் சொன்னால், அது அங்கே இருப்பது எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். நீ அதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறாய். இந்த ஒரு விஷயத்தில் உன் மூளையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

‘ஆமாக்கா’ என்றேன்.

‘முழுசுமா?’

‘முழுசும்.’

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவர் பிளெக்ஸைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

‘அப்ப கிளம்பி வாங்கம்மா. அறையெல்லாம் நாறுது, எவனும் உள்ள கால் வைக்க மாட்டேங்கறான். வந்து கழுவிக் குடுங்க.’

மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்.

டெல்பின்